கரும்பலகையில் ஒரு சொல்மேகம்!

மேகம் என்றால் வானத்தில்தான் இருக்க வேண்டுமா? இப்போது அது பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. நீரால் ஆன மேகம் அல்ல. சொற்களால் ஆன மேகம்!

பத்திரிகை படிப்பவர்களில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். நிதி மந்திரி பட்ஜெட் உரை நிகழ்த்திய மறுநாள், அவர் எந்தச் சொல்லை எத்தனை முறை சொன்னார் என்று காட்ட ஒரு படம் போடுவதுண்டு. ஒரு சொல் யானைப் பருமன் இருக்கும். இன்னொன்று பூனை அளவு இருக்கும். மூலை முடுக்கில் சில சொற்கள் எறும்பு போல ஒட்டிக் கொண்டிருக்கும். அடிக்கடி வந்த சொல் பெரிய எழுத்தில். அபூர்வமாக வந்த சொல் சின்ன எழுத்தில். சூத்திரம் அவ்வளவுதான். இதற்குப் பெயர்தான் சொல்மேகம்.

இதை வகுப்பறையில் பாடம் நடத்தும் கருவியாக உலகெங்கும் பல ஆசிரியர்கள் பயன்படுத்தி வருகிறார்கள். பாடத்தைத் திறப்பதற்கு முன்பே அதன் சொல்மேகத்தைக் காட்டி, "இது எதைப் பற்றிய பாடம், சொல்லுங்கள் பார்ப்போம்!" என்று கேட்கிறார்கள். மாணவன் எழுதிய கட்டுரையையே மேகமாக்கி அவனிடம் நீட்டுகிறார்கள். 'பிறகு', 'பிறகு' என்று பக்கத்துக்குப் பத்து முறை எழுதியவன், அந்தச் சொல் நடுவில் பூதம் போல் நிற்பதைப் பார்த்துத் தானே சிரித்துவிடுகிறான். சிவப்பு மையால் பத்து முறை சுழித்துக் காட்டினாலும் ஏறாத விஷயம், ஒரு பார்வையில் ஏறிவிடுகிறது.

அப்படியானால் தமிழ் வகுப்பிலும் செய்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அந்தச் சிக்கல்தான் வெகு சுவாரசியமானது.

பாரிஸில் பிறந்த யோசனை

சொல்லின் பருமனைக் கொண்டு கருத்தின் எடையைக் காட்டும் யோசனைக்கு 1976-ஆம் ஆண்டை முன்னோடியாகச் சொல்வார்கள். அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்டான்லி மில்கிராம், பாரிஸ் நகரவாசிகளிடம் அவர்கள் மனத்தில் இருக்கும் பாரிஸைப் பற்றி விசாரித்தார். எந்த இடத்தை அதிகம் பேர் குறிப்பிட்டார்களோ, அந்த இடத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு ஒரு வரைபடம் வெளியாயிற்று. பூமியின் அளவு கொண்டு வரைந்த படமல்ல. ஜனங்களின் ஞாபகத்தின் அளவு கொண்டு வரைந்த படம்!

பிறகு 2004-இல் 'பிளிக்கர்' என்ற புகைப்பட வலைத்தளம், படங்களுக்கு மக்கள் வைத்த பெயர்களை இப்படிப் பெரிதும் சிறிதுமாகக் காட்டி இந்த வழக்கத்தைப் பரப்பியது. 2008-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த ஜோனதன் பெயின்பெர்க் என்பவர் 'வேர்டில்' என்ற வலைத்தளத்தை வெளியிட்டார். எந்தக் கட்டுரையை அதில் போட்டாலும் சில விநாடிகளில் வண்ணமயமான சொல்மேகமாக மாற்றித் தந்தது. ஆசிரியர்கள் அதைப் பிடித்துக் கொண்டார்கள். (2021-இல் பிரபலமான ஐந்தெழுத்து விளையாட்டுக்கும் அதே பெயர்தான். ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) பெயின்பெர்க்கின் கருவி ஜாவா என்ற நுட்பத்தை நம்பியிருந்தது. அதை வலை உலாவிகள் கைவிட்டபோது கருவியும் மறைந்தது. அதன் இடத்துக்கு இன்று பல வந்துவிட்டன.

எண்ணிக் களைத்தவர்கள்

சொற்களை எண்ணுவது புதிய பைத்தியம் அல்ல. கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே ஜெர்மனியில் கேடிங் என்பவர், சுருக்கெழுத்தைச் சீர்திருத்துவதற்காக ஆயிரக்கணக்கானவர்களைத் துணைக்கு வைத்துக் கொண்டு ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் சொற்களை எண்ணி முடித்தார். அந்தப் பெரும் பட்டியல் 1898-இல் வெளிவந்தது.

பள்ளிக்கூடத்துக்காக எண்ணியவர் அமெரிக்காவின் எட்வர்ட் தார்ண்டைக். குழந்தைகள் எந்தச் சொற்களை முதலில் கற்க வேண்டும் என்று உபாத்தியாயர்களுக்குத் தெரிய வேண்டாமா? அடிக்கடி புழங்கும் 10,000 சொற்களைத் திரட்டி 1921-இல் ஆசிரியர்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். நம் பக்கத்தில் டாக்காவில் கல்வி அதிகாரியாக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தில் சொல்லுக்குச் சொல் தடுக்கி விழுவதைக் கண்டார். குறைந்த சொற்களிலேயே வாசகப் புத்தகங்கள் எழுதினார். அவர் தொகுத்த சுமார் 2,000 சொற்களின் பட்டியல் 1953-இல் வெளியாகி, உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்பவர்களின் கைக்குப் போயிற்று.

தமிழும் பின்தங்கிவிடவில்லை. புறநானூற்றுச் சொற்களுக்கெல்லாம் வ. அய். சுப்பிரமணியம் தயாரித்த சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை 3 தொகுதிகளாக வெளியிட்டது. எந்தச் சொல் எந்தப் பாட்டில் எங்கே வருகிறது என்று விரல் வைத்துக் காட்டும் நூல்கள் இவை. இவற்றைத் தயாரித்தவர்கள் முதலில் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி ஒன்று உண்டு: தமிழில் ஒரு சொல் எங்கே முடிகிறது?

இன்றைய சொல்மேகக் கருவிகள் பல அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

நெய்வேலியைக் காணோம்!

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே, விழுப்புரம் - கடலூர் ரயில் பாதையில் இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம். ஒரு பக்கம் பண்ருட்டிப் பலாப்பழம். மறு பக்கம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை. தென்மேற்கே போனால் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். பலா, கரும்பு, கரி என்று மூன்று உலகங்கள் சந்திக்கிற இடம்.

அந்த ஊரில் ஒரு வகுப்பு. 40 பிள்ளைகள். 'எங்கள் வட்டாரம்' என்று ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தருகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஆசிரியர் அதையெல்லாம் தட்டச்சு செய்து, ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒரு சொல்மேகப் புரோகிராமுக்குள் போடுகிறார். முதலில் வருவது வெறும் கட்டங்கள். அதனிடம் தமிழ் எழுத்துரு இல்லை! எழுத்துருவைத் தேடிக் கொடுத்ததும் மேகம் வருகிறது. அதில் நெய்வேலியைக் காணோம்!

காரணம் இதுதான். தமிழ் உயிர்மெய் எழுத்தைக் கம்ப்யூட்டர் ஒரே எழுத்தாக வைத்துக் கொள்வதில்லை. 'லி' என்பதில் 'ல' தனி, மேலே இருக்கும் கொக்கி தனி. 'ய்' என்பதில் 'ய' தனி, புள்ளி தனி. புரோகிராமுக்கு 'ல' எழுத்தென்று தெரியும். கொக்கியும் கொம்பும் புள்ளியும் எழுத்தின் உறுப்புகள் என்று தெரியாது. ஏதோ காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று நினைத்துக் கொண்டு அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும்.

வெட்டினால் 'நெய்வேலி' என்ன ஆகும்? ந, ய, வ, ல என்று நான்கு ஒற்றை எழுத்துகள். ஓரெழுத்துத் துணுக்குகளைத் தள்ளிவிடு என்று ஒரு விதியும் சேர்ந்திருந்தால், ஊரே மாயமாகிவிடும். 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லில் 'பள' என்றும் 'டம' என்றும் இரண்டு துண்டுகள்தான் மிஞ்சும். 'மேல்பட்டாம்பாக்கம்' என்ற அத்தனை நீளப் பெயரில் தேறுவது 'பட', 'கம'!

இதை விடத் தமாஷ் ஒன்று உண்டு. மேகத்தின் நடுவில் 'கர' என்று ஒன்று பெரிதாக நிற்கும். அது எங்கிருந்து வந்தது? 'கரும்பு' வெட்டுப்பட்டால் 'கர' கிடைக்கும். 'நிலக்கரி' வெட்டுப்பட்டாலும் 'கர' கிடைக்கும். 'கரும்பலகை'யிலும் அதே 'கர'. நெல்லிக்குப்பத்துக் கரும்பும் நெய்வேலிக் கரியும் வகுப்பின் கரும்பலகையும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்பட்டு, யாரும் எழுதாத ஒரு சொல் அந்த வட்டாரத்தின் முதன்மையான சொல்லாக முடிசூடிக் கொள்ளும்!

எல்லாக் கருவிகளும் இப்படி என்று சொல்ல முடியாது. தமிழைச் சரியாகக் கையாளுகிறவையும் உண்டு. வெட்டும் விதியைத் திருத்துவதும் விவரம் தெரிந்தவர்களுக்குப் பெரிய காரியமல்ல. ஆனால் அழகான வண்ணத்தில் வந்துவிட்டது என்பதற்காக ஒரு படத்தை அப்படியே சுவரில் ஒட்டும் ஆசிரியர், தாம் ஒட்டியது என்னவென்று ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

வேற்றுமைக்கு வந்த வாழ்வு

வெட்டுக்காயம் ஆறினாலும் தொல்லை தீரவில்லை. ஆங்கிலத்தில் நிலத்தைக் குறிக்கும் சொல், வாக்கியத்தில் எங்கே நின்றாலும் பெரும்பாலும் ஒரே உருவத்தில் நிற்கும். தமிழில் நிலம், நிலத்தை, நிலத்தில், நிலத்துக்கு, நிலத்தின், நிலத்தோடு, நிலங்கள் என்று ஏழு வேஷம் போடும். இயந்திரத்துக்கு இவை ஏழும் ஏழு தனிச் சொற்கள். ஏழு பேராகப் பிரிந்து நிற்பதால் ஏழும் சிறுத்துப் போகும். அதே சமயம் வேஷமே போடாத 'ஒரு', 'என்று', 'இந்த', 'மற்றும்' ஆகியவை ஊதிப் பெருத்து நடுவில் உட்கார்ந்து கொள்ளும். இவற்றை விலக்கி வைக்கும் பட்டியல் ஆங்கிலத்துக்கு ஆயத்தமாகக் கிடைக்கும். தமிழுக்குப் பல சமயம் ஆசிரியரே உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே தமிழ் வகுப்புக்குச் சிறந்த சொல்மேகக் கருவி எது என்று கேட்டால், காகிதச் சீட்டும் சாக்கட்டியும் என்றுதான் சொல்ல வேண்டும். இது கம்ப்யூட்டர் இல்லாத குறைக்குச் சொல்லும் சமாதானம் என்று நினைத்துவிட வேண்டாம். அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்ட காலம் இது. கையால் எண்ணும்போதுதான் பிள்ளைகளுக்குப் பாடம் கிடைக்கிறது என்பதற்காகவே சொல்வது.

வழி இதுதான். 'நெய்வேலி' என்று பலகையில் எழுத வேண்டியது. அந்தப் பெயரைக் கேட்டதும் தோன்றும் 5 சொற்களை, சீட்டுக்கு ஒன்றாக, ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டியது. 40 பேருக்கு 200 சீட்டு. அடுத்தவன் சீட்டைப் பார்க்கக் கூடாது. பிறகு நாலைந்து பேர் கொண்ட குழுக்கள் சீட்டுகளைத் தரையில் பரப்பி இனம் பிரிக்க வேண்டியது. இரண்டு சீட்டுக்கு ஒரு விரற்கடை உயரம் என்று கணக்கு வைத்துச் சாக்கட்டியால் பலகையில் எழுத வேண்டியது.

இனம் பிரிக்கும்போதுதான் கூச்சல் கிளம்பும். "சார், 'கரண்டு'ம் 'மின்சார'மும் ஒண்ணுதானே, சேத்துடலாமா?" என்பான் ஒருவன். 'என்.எல்.சி.' என்பதும் 'கம்பெனி' என்பதும் ஒன்றா? 'நிலத்தை' என்ற சீட்டையும் 'நிலத்துக்கு' என்ற சீட்டையும் ஒரே குவியலில் போடலாமா? போடலாம் என்றால் ஏன்? மகர ஈற்றுப் பெயரோடு அத்துச் சாரியை சேர்ந்து, அதன்மேல் வேற்றுமை உருபு ஏறியிருக்கிறது என்பதை அந்த இடத்தில் சொன்னால் மண்டையில் நிற்கும். 'ஐ, ஆல், கு' என்று தலையாட்டிக் கொண்டு ஒப்பிக்கும் இலக்கணத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறதா என்று பையன்கள் ஆச்சரியப்படுவார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்த வட்டாரத்தில் 'கொல்லை' என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம் மட்டும் அல்ல. முந்திரிக் கொல்லை, சவுக்குக் கொல்லை என்று மேட்டு நிலத்தையும் சொல்வார்கள். 'கொல்லை' என்று வந்த சீட்டு 'நிலம்' குவியலில் சேருமா, சேராதா? அகராதி இதைத் தீர்க்காது. எழுதிய பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

எது பெரிது?

நெய்வேலி என்ற சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பெயர் எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டச் செய்தபோது தண்ணீரோடு பழுப்பும் கருப்புமாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் அமைந்தது. 1957-இல் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயர் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட்.

இது பாடப் புத்தகத்தில் இடம் பிடிக்கும் கதை. இன்னொரு கதையும் உண்டு. திறந்தவெளிச் சுரங்கம் என்றால் மேலே இருக்கும் நிலமும் ஊரும் போயாக வேண்டும். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு பொங்கி நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். நிலம் கொடுத்தவர்களுக்கு வேலையும் இழப்பீடும் பற்றிய வழக்கு பல்லாண்டுகளாக இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக் கால்வாய்க்காக நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பை மாவட்டமே பார்த்தது.

சரி, சீட்டுகளுக்கு வருவோம். 'மின்சாரம்' 24 சீட்டு, 'வேலை' 18, 'சுரங்கம்' 15, 'நிலம்' 6, 'தண்ணீர்' 2 என்று வந்தால் பலகையில் மின்சாரம் அரை முழம் எழும்பி நிற்கும். தண்ணீர் ஒரு விரற்கடையில் ஒடுங்கும். இதுவே சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துப் பள்ளியாக இருந்தால் நிலம் எழும்பி நிற்கக்கூடும். டவுன்ஷிப் பள்ளியில் 'ஷிப்ட்'டும் 'குவார்ட்டர்'ஸும் பெரிதாகக்கூடும். மூன்று பள்ளியின் மேகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே ஊர்ப்பெயருக்கு மூன்று ஊர்கள் தெரியும். சமூகவியல் பாடத்தை இதைவிட நன்றாகத் தொடங்குவது கடினம்.

தொடங்கலாம், முடிக்க முடியாது. ஏனென்றால் சொல்மேகம் எண்ணுகிறதே ஒழியப் படிப்பதில்லை. 'நிலம் கொடுத்தோம்' என்று ஒருவன் எழுதினாலும், 'நிலம் கொடுக்க மாட்டோம்' என்று இன்னொருவன் எழுதினாலும் 'நிலம்' என்ற கணக்கில் இரண்டு ஏறும். 'இல்லை' என்ற சொல்லைப் பயனற்ற சொல் என்று பட்டியலில் தள்ளிவிட்டால் போச்சு, அர்த்தமே தலைகீழாகும். நீளமான சொல், அதே உயரத்தில் எழுதினாலும், பலகையில் அதிக இடம் பிடித்துப் பெரிய மனுஷன் போல் தோன்றும். இந்தக் குறைகளைப் பற்றி 2011-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையைச் சேர்ந்த ஜேக்கப் ஹாரிஸ் கடுமையாகவே எழுதினார். போரின் விபரீதத்தைச் சொல்லும் ஆவணங்களையெல்லாம் சொல்மேகமாக்கி, அதைச் செய்தி என்று கொடுப்பது தகாது என்பது அவர் வாதம். பத்திரிகைக்கு அவர் சொன்னது நியாயம். வகுப்பறையில் மேகத்துக்குப் பக்கத்தில் ஆசிரியர் நிற்கிறார் என்பதுதான் வித்தியாசம். அவர் நிற்காவிட்டால் அங்கும் அதே கதிதான்.

கோடு போட்டால் படம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று முன்பே அறிமுகம். 2007-08 வாக்கில் நடுநிலை வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோது, பாடத்தைப் படித்ததும் பிள்ளைகள் மனவரைபடம் வரைய வேண்டும் என்று வைத்தார்கள். நடுவில் தலைப்பு, சுற்றிலும் சொற்கள், இடையே கோடுகள். பின்பு கலந்து பேசி, தொகுத்து, எழுதுவது.

மனவரைபடத்தில் எது எதோடு சேர்கிறது என்பது தெரியும். எது எவ்வளவு பேர் மனத்தில் இருக்கிறது என்பது தெரியாது. சொல்மேகத்தில் எடை தெரியும், உறவு தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் என்ன? பலகையில் நிற்கும் மேகத்தில், 'சுரங்கம்' என்பதிலிருந்து 'தண்ணீர்' என்பதற்கு ஒரு பெண் கோடு இழுக்கிறாள். "ஏன் இழுத்தாய், சொல்லு" என்று கேட்டால் அவள் ஒரு வாக்கியம் பேசியாக வேண்டும். மற்றவர்கள் மறுத்தால் இரண்டாவது வாக்கியமும் வரும். கட்டுரை எழுதத் திணறும் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியங்களே கட்டுரையின் முதல் பத்தி.

பாடம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பழைய பலகையைக் காட்டாமல், அதே தலைப்புக்கு மறுபடி சீட்டு வாங்குவது இன்னொரு யுக்தி. முதல் மேகத்தை நோட்டில் எழுதி வைத்திருந்தால் போதும். முன்பு இல்லாத சொற்கள் எத்தனை வந்திருக்கின்றன, இருந்தவற்றில் எவை சிறுத்தன என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்லலாம். பாடம் நடந்ததா, இல்லையா என்பது ஆசிரியருக்கும் தெரிந்து போகும். சில ஆசிரியர்கள் இந்தக் காரணத்துக்காகவே இந்தச் சோதனையை விரும்பாமல் போகலாம்!

200 சீட்டில் ஒரே ஒரு முறை வந்த சொற்கள் நாலைந்து இருக்கும். அரை விரற்கடைதான் அவற்றுக்கு நியாயமான உயரம். இயந்திரத்தில் இடம் போதாவிட்டால் இவைதான் முதலில் உதிர்ந்து போகும். பலகையில் உதிர வேண்டியதில்லை. ஒரு சீட்டில் 'தாத்தா ஊர்' என்று இருக்கிறது. நெய்வேலிக்கும் தாத்தா ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று மற்றப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். அந்தச் சீட்டை எழுதிய பிள்ளை எழுந்து, சுரங்கம் இருக்கும் இடத்தில் முன்பு இருந்த ஊரின் பெயரைச் சொல்கிறது. ஆசிரியர் அதையும் பலகையில் எழுதிக் கொள்கிறார்.